தொமினிக் வீட்டுச் சர்க்கரை

பாரீசிலிருந்து மகள் ஏமா அனுப்பிய சாக்லேட் டப்பாவை, தொமினிக்கின் கண்ணெதிரிலேயே எடுத்து வேலைக்கார அஞ்சலாட்சியின் பைக்குள் போட்டாள் அவர் மனைவி ஏலேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருடம் துப்பாக்கி தூக்கிய மனிதர், ஒரு டப்பாவைக் காப்பாற்ற வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு குடுத்துட்டுப் போட்டா இன்னா?" என்றார்.

"சர்க்கர வந்த வீட்ல இது எதுக்கு? எங்கம்மாவுக்கு இதுலதான் கால எடுத்தாங்க, மறந்துட்டீங்களா?"

தொமினிக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரலிலிருந்து இதே கூத்துதான். அந்த மாதம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். நாலு நாள் கழித்து உறை வந்தபோது தொமினிக்குக்கு மூக்குக்கண்ணாடி அகப்படவில்லை. ஏலேன் பிரித்து, மேலே இருந்த காகிதத்தைப் படித்தாள்.

"தொமினிக். மூணு மாச சர்க்கர ஏழு புள்ளி ஆறு. ஆறரைய தாண்டினா வியாதின்னு கீழ போட்டிருக்குது."

கேட்டவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவளுக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. முப்பத்தாறு வருடத்தில் அவளைப் பற்றி எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

மருத்துவமனை வாடையே அவருக்கு ஆகாது. அதனால் ஏலேன் தனியாகத்தான் காகிதத்தோடு போனாள். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். உணவு ஆலோசகர் ஹேமலதா மூன்று வழி சொன்னாள். சோறு, ரொட்டி எல்லாவற்றையும் அறவே குறைப்பது ஒன்று. பொழுது சாய்வதற்குள் அன்றைய சாப்பாட்டை முடித்துக்கொள்வது இன்னொன்று. தட்டில் பாதிக்குக் காய், கால் பங்குக்கு மீனோ பருப்போ, மிச்சக் காலில் சோறு என்பது மூன்றாவது. எதுவானாலும் விடாமல் செய்ய முடிவதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஏலேன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "மூணாவதே இருக்கட்டும். அதான் வீட்ல எல்லாரும் சாப்பிடலாம். எங்க வீட்ல ரெண்டு சமையல் கெடையாது."

அது தொமினிக் போட்ட சட்டம். ஆறு வருடத்துக்கு முன் ஏலேனுக்கு ரத்தக்கொதிப்பு வந்தபோது, உப்பைக் குறைத்துத் தனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் குழம்பு வைத்தாள். அவர் அதைத் தூக்கிப்போய்த் தொட்டியில் கவிழ்த்தார். இது வீடா ஓட்டலா, எனக்கு ஆக்குவதைத் தின்ன முடியாதவள் பட்டினி கிடக்கட்டும் என்றார். அன்றைக்கு அவள் பட்டினிதான் கிடந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. மனசில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் முறை. காலையில் வெண்ணெய் தடவிய பகெத் ரொட்டி போய், முளைகட்டிய பயறு வந்தது. மத்தியானத் தட்டில் பாதிக்குப் பாகற்காய், இல்லாவிட்டால் முருங்கைக்கீரை. பக்கத்திலேயே உட்கார்ந்து அவளும் அதையே சாப்பிட்டாள். அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கப் பார்க்கப் பாகற்காய்கூட அவளுக்கு இனித்தது.

ஹேமலதா சொல்லாத ஒன்றையும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் குடிக்கும் ஒயினை நிறுத்தினாள். விடிந்தும் விடியாமலும் எழுப்பி, பீச் ரோட்டில் தன்னோடு நடக்க வைத்தாள். பழிவாங்குவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ ஆரம்பித்திருப்பாள்.

ஜூலை வந்தது. இருவரும் மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய தினத்துக்குச் சங்கத்தில் விருந்து. விருந்தில் கேக் உண்டு. ஒரு துண்டுக்காவது அனுமதி வாங்கிவிடுவது என்று, மருத்துவமனை வாடையையும் பொறுத்துக்கொண்டு ஹேமலதாவைப் பார்க்கத் தானே கிளம்பினார் தொமினிக். ஏலேன் தடுக்கவில்லை. இருக்கிறதிலேயே நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

காகிதத்தைப் பார்த்த ஹேமலதாவின் முகம் மலர்ந்தது. ஏழு புள்ளி ஆறு இறங்கி ஆறு புள்ளி இரண்டுக்கு வந்திருக்கிறது, மாத்திரைக்கு அவசியமே இல்லை என்றாள்.

தொமினிக் நெஞ்சை நிமிர்த்தினார். "மூணு மாசம் வாயக் கட்டினவன் நானு. பதினாலாந்தேதி கேக் துன்னலாமில்ல?"

"நீங்க தாராளமா சாப்பிடுங்க சார்" என்ற ஹேமலதா, காகிதத்தை ஏலேனிடம் நீட்டினாள்.

"அவகிட்ட எதுக்கும்மா குடுக்கற? என் பேருதான மேல போட்டிருக்குது?"

கையை நீட்டி அவரே வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தடவையாகப் படித்தார். மேலே பிரெஞ்சில் 'மதாம் தொமினிக்', அதாவது திருமதி தொமினிக் என்று இருந்தது. கட்டியவளுக்குத் தனிப் பெயர் எதற்கு, இது போதும் என்று முகாம் படிவத்தில் அப்படி எழுதிக்கொடுத்தவர் அவரேதான்.

ஏலேன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நீங்க மெஸ்யே தொமினிக். சர்க்கர மதாமுக்கு."