பின்னல் பிடி ஜாடி

சூளைக்குள் தலையை விட்டு, வெடித்து உடைந்த ஜாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் தங்கை. "கையைக் கிழிச்சுக்காதேம்மா. நான் பார்த்துக்கறேன்" என்றார் அத்தான். அவர் கரிசனமாகச் சொன்னதும் அவள் இன்னும் வேகமாகப் பொறுக்கினாள்.

பார்ப்பவர்களுக்கு அது உதவி. அவளோ தன் ஜாடியின் துண்டைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பின்னல் போட்ட பிடி வைத்தது அவளுடையது ஒன்றுதான், அகப்பட்டால் ஒளித்துவிடலாம். எல்லாம் தூளாகிவிட்டதோ என்னவோ, பிடியில் ஒரு நுனிகூடக் கிடைக்கவில்லை.

காயாத ஜாடியைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். அவளுடையதும் அப்படித்தான் இருந்தது. இந்தச் சூளையை விட்டால் அடுத்தது எப்போதோ என்று, யாரும் பார்க்காத நேரத்தில் அக்காவின் ஜாடிகளுக்கு நடுவே செருகிவிட்டாள். ஈரம் உள்ளே கொதித்து வெடித்தால் அது மட்டுமா போகும்? அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டல்லவா போகும்!

"எடுத்த எடுப்பிலேயே தீயை ஏத்திட்டீங்க!" வாசலில் நின்று கணவனைப் பார்த்துக் கத்தினாள் அக்கா. "நான் வனைஞ்சது அத்தனையும் போச்சு. இனிமே சூளைப் பக்கமே வராதீங்க!"

"மெதுவாத்தானே ஏத்தினேன்..." என்று இழுத்தார் அத்தான். அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என் கைதான் சரியில்ல போல. வேற ஆளை வெச்சுக்க" என்று தலைத்துண்டை அவிழ்த்தார். அந்தச் சூளையைக் கல் கல்லாகக் கட்டியதே அவர்தான்.

தங்கைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அத்தான் மேல தப்பில்லக்கா! காயாத ஜாடியை நான்தான் திருட்டுத்தனமா உள்ளே வெச்சேன். என்னை நாலு அடி அடிச்சாக்கூடப் பரவாயில்ல!"

அக்கா வீட்டுப் பக்கம் திரும்பினாள். விறுவிறுவென்று உள்ளே போனவள், களிமண் மூட்டைக்குப் பின்னாலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

பின்னல் பிடி போட்ட ஜாடி. இன்னும் சுடாத பச்சை மண், ஒரு கீறல் இல்லை.

"ஈரமா இருக்குன்னு உன்னோடதை அப்பவே வெளியே எடுத்துட்டேன்டி" என்றாள். இப்போதும் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. "இடம் வீணாப் போகுதேன்னு அங்க என்னோடது ஒண்ணை வெச்சேன்."

அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுவும் சில்லுன்னுதான் இருந்துச்சு."