ஒருதரமும் உடுக்காதது

ஏலம் முடிய இன்னும் ஒரு மணித்தியாலமும் ஏழு நிமிடமும் இருந்தன.

வாப்பா சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு போனைப் பார்த்தார்.

"கல்யாண சாறி. ஒருதரமும் உடுக்காததாம்."

குசினிக்குள் இருந்து உம்மா குரல் கொடுத்தார். "ஆருக்கு? ரெண்டாவது கட்டப் போறீங்களோ? சொன்னா புரியாணிக்கு அரிசி ஊறப் போடுவன்."

வாப்பா சிரிக்கவில்லை. ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டார்.

நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். பகல் சாப்பாட்டிலிருந்து அங்கேதான் நிற்கிறேன். கால் கடுத்தது.

வாப்பாவுக்கு இந்தப் பழக்கம் பள்ளிவாசலில் வந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். நேர்ச்சைக்கு வந்த சேவல், வாழைக்குலை, தேங்காய். பொருள் தேவையோ இல்லையோ, விலை நிற்கிற இடத்தில் வாப்பா ஒரு குரல் கொடுப்பார். பள்ளிக்குச் சேர்கிற காசு, குறைந்துபோகக் கூடாது என்பார்.

அவர் தலையில் விழுந்தால் காசையும் கொடுத்து, சேவலையும் திருப்பிக் கொடுப்பார். மறுபடி ஏலம் விடச் சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை ஒரே சேவலை இரண்டு தரம் எடுத்தார்.

முழங்கால் வலி வந்த பிறகு முகநூலில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் சாமான் ஏலம் விடும் இடத்திலும் அப்படித்தான். ஒரு முகம் தெரியாதவரின் பழைய கட்டிலுக்குக்கூட விலை ஏற்றிவிட்டு வருவார்.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. மூன்று விதிகளை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். விற்கிற ஆள் யாரென்று பாருங்கள். எதுவரை கேட்பது என்று முதலே முடிவெடுங்கள். பொருளை நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எழுதுவது எனக்கு வரும். வாயால் சொல்வதுதான் வராது.

ஆனால் அன்று அவர் கையில் இருந்தது மண்டபத்துக்கு முற்பணம் கட்ட வைத்திருந்த காசு. பெருநாள் கழித்து எனக்குக் கல்யாணம். அதனால் வாயைத் திறந்தேன்.

"ஆள் ஆரெண்டு தெரியா வாப்பா. புதுக் கணக்கு. பேரும் இல்ல, முகமும் இல்ல."

"ஆரோ கல்யாணம் நிண்ட புள்ள போல. மானத்துக்குப் பேர மறைச்சிருக்கும்."

"பொய்யாயும் இருக்கும்."

"இருக்கட்டும். மெய்யா இருந்தா?"

படத்தில் மடித்த சாறியின் கரை மட்டும் தெரிந்தது.

வாப்பாவுக்குப் போட்டியாக விலை கேட்டுக்கொண்டிருந்தவள் மருதமுனை நஸ்லியா என்று ஒருத்தி. புத்தியுள்ள பெண். கறை இருக்கிறதா என்று விசாரித்திருந்தாள். தங்கச்சிக்குத்தான், நேரில் வந்து விரித்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று எழுதியிருந்தாள். வாப்பா கூட்டக் கூட்ட அவளும் ஐந்நூறு ஐந்நூறாகக் கூட்டினாள். அவள் கூட்டிய ஒவ்வொரு தரமும் எனக்கு மூச்சு வந்தது.

உம்மா கையைத் துடைத்தபடி வந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். "கொண்டாங்க, என்ன சாறியெண்டு நானும் பாக்கன்."

"சார்ஜ் முடியப் போகுது உம்மா," என்று போனை வாங்கி வயரில் போட்டேன்.

உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "மாப்பிள கட்டார்ல இருந்து கோல் எடுத்தாரா?" என்றார்.

"ஓம்," என்றேன்.

பத்து நிமிடம் இருக்கையில் நஸ்லியா எழுதினாள்: இதுக்கு மேல என்னால ஏலாது. எடுக்கிறவங்களுக்கு பறக்கத்தா அமையட்டும்.

அவள் வீட்டிலும் யாரோ விதி எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

கேட்ட விலையை வாபஸ் வாங்க முடியாது. விற்கிறவர் பொருளை எடுத்துவிடவும் முடியாது. அந்த முகநூல் பக்கத்தின் விதி அது. இன்னும் ஒரே ஒருவர் கேட்டால் போதும். நானும் வாப்பாவும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றை எதிர்பார்த்தார், நான் ஒன்றை. யாரும் வரவில்லை.

ஏலம் முடிந்தது. வாப்பாவின் பெயருக்கு நேரே பச்சைக் குறி விழுந்தது.

"சொன்னன்தானே வாப்பா."

அவ்வளவுதான் வந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன். நித்திரைதான் வந்தது.

வாப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இலக்கங்களை அவரே அடிப்பார், எழுத்துக்குத்தான் நான் வேண்டும்.

"புடி மகள். அந்தப் புள்ளைக்கு ரெண்டு வரி எழுது."

போனை வாங்கினேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல அடித்தேன்.

"மகள், காசு அனுப்புறன். சாறி எனக்கு வேணாம். நீயே வெச்சிரு. நல்ல இடத்துல நஸீபு இருந்தா அப்ப உடு. உன்ட வாப்பாக்கிட்ட மறைக்காத. ஏசமாட்டார். ஏசினாலும் ரெண்டு நாளைக்குத்தான்."

ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. திரும்ப ஒருதரம் வாசித்தேன். அனுப்புகிற குறிக்கு மேல் என் பெருவிரல் நின்றது.

மஃரிப் பாங்கு தொடங்கியது.

வாப்பா குனிந்து செருப்பைத் தேடினார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பத் தேவல்ல வாப்பா," என்றேன். "அது என்ட சாறி."