இளங்கணு

குமுதா மாமியின் கூடத்து ஜன்னலில் பிரண்டை வளர்ந்தது. தண்ணீருக்கு ஏங்காத கொடி. சதைப்பற்றான கணுக்களோடு, கிடைத்த கம்பியையெல்லாம் பற்றிக்கொண்டு ஏறும். அந்த அடுக்குமாடியில் யார் வீட்டில் திவசம் என்றாலும், துவையலுக்கு இளங்கணு கேட்டு மாமியின் கதவைத்தான் தட்டுவார்கள். கை அரிக்குமே என்று அவர்களைத் தொடவிடாமல், தான் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கிள்ளிக் கொடுப்பாள். "உங்கப்பா ஆசையா சாப்பிடுவாரே, கூட ரெண்டு எடுத்துக்கோ" என்பாள்.

இன்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றவர் அவள் கணவர் சௌந்தர்ராஜன். கப்பல் வேலைக்குப் போன மகன் வத்ஸன் கடலில் காணாமல் போய், சாஸ்திரம் காத்திருக்கச் சொன்ன வருஷங்களெல்லாம் கழிந்துவிட்டன. இனிமேல் திவசம் செய்தாக வேண்டும் என்று சொல்லி, புரோகிதர் நாளைக்கு நாளும் குறித்துவிட்டார்.

"நாலு கணு கிள்ளிக் குடு, குமுதா."

மாமி எண்ணெயைத் தொடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"எல்லாம் முத்திப்போச்சு. அரைச்சா நாராத்தான் வரும்."

"தேடிப் பாரேன். ஒண்ணாவது இளசா இருக்கும்."

"இல்லைன்னு சொல்றேனே."

அவள் விரலிடுக்கில், அன்றைக்குத்தான் விட்டதுபோல, வெளிர்பச்சையாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். பக்கத்துக் கம்பியில் தெரிந்த இன்னொரு தளிரைத் தன் கையால் மூடிக்கொண்டு, "ஆமாம், முத்தித்தான் போச்சு" என்றார்.