நாலாவது அட்டை

என் மழலையர் வகுப்பின் தரையில் ஜன்னல் வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கிறது. நாங்கள் குட்டி என்று கூப்பிடும் நாலு வயதுக்காரி அந்த வெயிலில் பட அட்டைகளை வரிசையாக அடுக்குகிறாள்: கண் விழிப்பது, பல் தேய்ப்பது, சாப்பிடுவது. நாலாவது படத்தில் ஓர் அம்மா பள்ளி வாசலில் நின்று கையசைக்கிறாள். அதை மட்டும் குட்டி கவிழ்த்து வைக்கிறாள். "இது எங்க வரும், கண்ணு?" என்கிறேன். "இது வராது மிஸ்." நான் சொல்லிக்கொடுத்த வரிசை வார்த்தைகளை வைத்தே விரல்விட்டு எண்ணி விளக்குகிறாள். "மொதல்ல நீங்க குரங்கு பொம்மைய காட்டுவீங்க. அப்புறம் நான் சிரிப்பேன். கடைசியா திரும்பிப் பாத்தா அம்மா இருக்க மாட்டாங்க." வரிசை துளியும் பிசகவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் புதுக் குழந்தை ஒன்று தன் அம்மாவின் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு விசும்புகிறது. அந்த அம்மா, தான் நழுவிவிடுவதாக எனக்குக் கண்ஜாடை காட்டுகிறாள். பழக்கதோஷத்தில் என் கை குரங்கை எடுத்து ஆட்டிவிடுகிறது. அதன் கழுத்து மணி கிணுகிணுக்கிறது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புகிறது. குட்டி அட்டைகளை மிதித்துக்கொண்டு ஓடிப்போய், அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வாசல் பக்கம் திருப்புகிறாள். "பொம்மைய பாக்காத. உங்கம்மாவ பாரு."