வெற்று ஓட்டம்

குருத்தணு (ஸ்டெம் செல்) ரத்தச் சிவப்பணுவாக வளரும்போது எந்தப் புரதம் எவ்வளவு கூடுகிறது என்று மூலக்கூறுகளை எடைபோட்டு இனங்காணும் நிறைமானியில் அளந்தவள் அக்கா. அணுக்களும் அவள் ரத்தத்திலிருந்து எடுத்தவைதான். அவள் இறந்ததும் பேராசிரியர் கட்டுரையிலிருந்து அவள் பெயரைத் தூக்கிவிட்டார்; அவள் அணுக்கள் இருந்த குழாய்களையும் எரித்துவிட்டார்.

இப்போது அந்தக் கருவியை இயக்குபவள் தங்கை. மாதிரிகளுக்கு நடுவே, கருவி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, வெறும் கரைசலை ஓட்டுவாள். அதில் எதுவும் தெரியக்கூடாது. நான்கு நாளாக, அக்காவிடம் மட்டுமே இருந்த மாறுபட்ட ஹீமோகுளோபின் தெரிகிறது. வளரும் அணுவில் கூடுவதுபோல, நாளுக்கு நாள் கூடுகிறது.

“ஒழுங்காக் கழுவாம அங்க என்ன பூப்பறிக்கிறியா?” என்று எரிந்து விழுந்தார் பேராசிரியர். “என் ரத்தத்தைப் போடு. கருவிக் கோளாறான்னு பாத்துருவோம்.”

போட்டாள். சாதாரண ஹீமோகுளோபின் துளிகூட இல்லை. முழுக்க அக்காவினுடையது.

பேராசிரியர் முழங்கைப் பஞ்சை அழுத்தியபடி நின்றார்.

“இந்த மாதிரிக்கு யார் பேரைப் போடட்டும் சார்?” என்றாள்.