மடுவத்து அம்மன்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பழைய கொட்டகையான மடுவத்தைக் கோயிலாக்க அனுமதி கேட்டு, தொழிலாளர் தலைவர் சோலைமலை, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் முன் நின்றார்.

“கோயிலுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஜன்னல்?” என்றார் துரை, வரைபடத்தைப் பார்த்து.

“அம்மனுக்குப் புழுக்கம் ஆகாதுங்க தொரை.”

“வெந்நீர் அடுப்பு?”

“அபிஷேகத்துக்குங்க. இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணி ஊத்த முடியுங்களா?”

“பூசாரி?”

“கண்டியில படிச்சு வந்திருக்காங்க.”

துரை கையெழுத்திட்டார்.

சோலைமலை நேரே மடுவத்துக்கு ஓடினார். வாசலில் நர்ஸ் சண்முகவடிவு காத்திருந்தார்.

“குடுத்துட்டாரா? ஆஸ்பத்திரி கேட்டப்ப எடமே இல்லைன்னாரே!”

“மாரியாத்தாளுக்கு எடமில்லைன்னா காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்.”

“சரிங்க, மூலஸ்தானத்துல யாரை வைக்கிறது?”

“மொதல்ல என் மருமக வீரம்மாவைப் படுக்க வைங்க நர்சம்மா. காலையிலேயே வலி எடுத்திருச்சு.”