அறுபத்து நான்காம் சதவீதம்

இரண்டு மணி வெயில் தையல் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இயங்குதளம் ஏற்றப் பார்த்த லேப்டாப், மூன்று முறையும் அறுபத்து மூன்று சதவீதத்தில் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டது. நான்கு மணிக்குத் தம்பிக்கு அதில்தான் நேர்காணல். “மதர்போர்டே போச்சுக்கா,” என்கிறான், தலையில் கைவைத்தபடி. அக்கா தையல்காரி. நூல் அறுந்துகொண்டே இருந்தால், மெஷினில் கடைசியாக எதை மாற்றினோம் என்று முதலில் பார்ப்பவள். மெஷின் திருப்புளியால் லேப்டாப்பின் அடிமூடியைத் திறக்கிறாள். போன மாதம் அவன் மலிவாய் வாங்கிப் பெருமையாய்ச் செருகிய இரண்டாவது ரேம் அட்டையை உருவி, பாபின் டப்பாவில் போடுகிறாள். “இப்ப ஏத்து.” லேப்டாப்பின் விசிறி சீறுகிறது. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. இருவரும் திரையை நோக்கிக் குனிகிறார்கள். அறுபத்து நான்கு! தம்பி நாற்காலியோடு துள்ளுகிறான். “மதர்போர்டு கல்லு மாதிரி இருக்கு. உன் சட்டையிலதான் பட்டன் தொங்குது, கழட்டிக் குடு,” என்கிறாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி.